பசை என்று பெயரிட்டார்கள்: மையலின் உறையின் வரலாறு

'நரம்பு' என்ற சொல்லைக் கேட்டதும் இலக்கிய வாசகர்களாகிய நம் நினைவுக்கு முதலில் வருவது உடல் அன்று, யாழ். சங்க நூல்களில் நரம்பு என்றால் பெரும்பாலும் பாணன் முறுக்கேற்றி மீட்டும் யாழ் நரம்புதான். நம் அன்றாடப் பேச்சிலோ தசைநாரும், புறங்கையில் புடைத்துத் தெரியும் இரத்தக் குழாயும், செய்தி கடத்தும் உண்மையான நரம்பும் இந்த ஒரே பெயரால் வழங்கி வருகின்றன. இந்த மயக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. கிரேக்க மொழியின் 'நியூரான்' என்ற சொல்லும் தொடக்கத்தில் தசைநாரையும் வில்லின் நாணையுமே குறித்தது. பிற்காலத்தில்தான் அது மூளையோடு தொடர்புடையதாயிற்று.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. சித்த மருத்துவம் கூறும் ஏழு உடற்கட்டுகளில் ஆறாவதாக வருவது 'மூளை'. அங்கே அச்சொல் தலைக்குள் இருக்கும் உறுப்பைக் குறிக்கவில்லை; எலும்பின் உள்ளே இருக்கும் மச்சையைக் குறிக்கிறது. கிரேக்கர்களும் 'மியலோஸ்' என்ற ஒரே சொல்லால் எலும்பு மச்சையையும் முதுகுத் தண்டுவடத்தையும் சுட்டினார்கள். கெட்டியான எலும்புக் கூட்டுக்குள் மெத்தென்று வெளுத்துக் கிடக்கும் எதுவும் அவர்கள் கண்ணுக்கு ஒன்றாகவே பட்டிருக்க வேண்டும். இன்று பள்ளி மாணவர்கள் பாடநூலில் படிக்கும் 'மையலின் உறை' என்ற பெயர் அந்த 'மியலோஸ்' வழியாக வந்ததே.

இக்கட்டுரையில் நாம் பார்க்கப் போவது அந்த உறையின் வரலாற்றையும், அதை நெய்யும் கிளியல் செல்களின் வரலாற்றையும்தான். அறிவியல் வரலாற்றை இங்கே எழுத ஒரு காரணம் உண்டு. சொல்லையே தொழிலாகவும் காதலாகவும் கொண்ட நாம், ஒரு சொல் எவ்வாறு ஓர் உண்மையைப் பல பத்தாண்டுகள் மறைத்து வைக்க முடியும் என்பதை அறிந்துகொள்ள இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

உறையும் கணுவும்

நுண்ணோக்கிகள் ஓரளவு தெளிவு பெற்ற 1830களில் நம் கதை தொடங்குகிறது. 1838இல் ராபர்ட் ரெமாக் என்ற இளைஞர் தம் மருத்துவப் பட்ட ஆய்வேட்டில், நரம்பிழைகள் இருவகைப்படும் என்று காட்டினார். ஒருவகை இழைகளைச் சுற்றி வெண்மையான, கொழுப்பு மிகுந்த உறை இருந்தது. மற்றொரு வகையில் அது இல்லை. உறையில்லாத இழைகள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. ரெமாக் ஒரு யூதர். சமயம் மாற மறுத்தவர். அக்காலப் பிரஷ்யாவில் அதன் விலை பெரிது. தகுதியிருந்தும் முழுப் பேராசிரியர் பதவி அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

மறு ஆண்டு, 1839இல், தியோடர் ஸ்வான் தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். தாவரமாயினும் விலங்காயினும் உடல் செல்களால் ஆனது என்று நிறுவிய நூல் அது. நரம்பிழையைச் சூழ்ந்து ஒட்டிக் கிடக்கும் செல்களை அவர் அதில் விளக்கினார். ஆயினும் அவர் கொண்ட முடிவு பிழையானது. செல்கள் பல வரிசையாக இணைந்து உருகி ஒன்றாகி நரம்பிழை ஆகின்றன என்றும், வெண்ணிற உறை அச்செல்களின் உட்புறத்தில் படியும் படிவு என்றும் அவர் கருதினார். அவருடைய பெயரைத் தாங்கிய 'ஸ்வான் செல்' உண்மையில் என்ன செய்கிறது என்பதை அறிய இன்னும் நூற்றுப் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

1871இல் பாரிஸ் நகரில் லூயி அந்துவான் ரான்வியே என்ற ஆய்வாளர், நரம்பிழைக்குச் சாயமேற்றிப் பார்த்தபோது ஒன்றைக் கவனித்தார். உறை தொடர்ச்சியாக இல்லை. குறிப்பிட்ட இடைவெளிகளில் இறுகி முறிந்திருந்தது. நம் பாடநூல்கள் இதற்குச் சூட்டியுள்ள 'ரான்வியர் கணு' என்ற பெயர் மிகப் பொருத்தமானது. கரும்பிலும் மூங்கிலிலும் இருப்பது போலவே இங்கும் கணு, இடைக்கணு, மீண்டும் கணு. தடித்த இழைகளில் ஓர் இடைக்கணு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளம். கணுவோ அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஓர் இடைக்கணுவுக்கு ஓர் உட்கருவே இருந்தது என்பதையும் ரான்வியே கண்டார். அதாவது, ஓர் இடைக்கணு என்பது ஒரே ஸ்வான் செல்லின் ஆட்சிப் பகுதி. இந்தக் கணுக்கள் எதற்காக என்ற கேள்விக்கு எழுபது ஆண்டுகள் கழித்தே தெளிவான விடை கிடைத்தது. அதைப் பின்னர் பார்ப்போம்.

நரம்புப் பசை

இவை யாவும் உடலெங்கும் பரவிய புற நரம்புகளைப் பற்றியவை. மூளையும் தண்டுவடமும் வேறு உலகம். அங்கே பெயர் சூட்டியவர் ஜெர்மனியின் ருடால்ஃப் விர்ச்சோ. நரம்பின் வெண்பொருளுக்கு 'மையலின்' என்று 1854இல் பெயரிட்டவரும் இவரே. 1856இல் அவர் மூளையில் நரம்புச் செல்களுக்கு இடையே நிறைந்திருக்கும் பொருளுக்கு 'நரம்புப் பசை' என்று பொருள்படும் ஜெர்மானியச் சொல்லையும், அதற்கு இணையாக 'நியூரோகிளியா' என்பதையும் வழங்கினார். கிளியா என்றால் கிரேக்கத்தில் பசை, கோந்து. 1858இல் பெர்லினில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் நூலாகி மருத்துவ உலகெங்கும் பரவியபோது இச்சொல்லும் உடன் பரவியது.

விர்ச்சோவை நாம் குறை கூறுவதற்கில்லை. அந்தப் பொருளினுள்ளும் செல்கள் உண்டு என்றும், நோய்களை அறிய அது முக்கியமானது என்றும் அவரே வலியுறுத்தினார். ஆனால் பெயர் பெயர்தான். பசை என்று சொன்ன பிறகு அது வேறென்ன செய்யும்? ஒட்டும், இட்டு நிரப்பும், அவ்வளவே. சிற்பத்தைப் பார்க்க வந்தவர்கள் சுண்ணாம்புச் சாந்தைப் பார்ப்பதில்லை.

அத்துடன், அக்காலக் கருவிகளால் அச்செல்களைச் சரியாகப் பார்க்கவும் முடியவில்லை. ஓட்டோ டெய்டர்ஸ் என்ற ஜெர்மானியர் நுண்ணிய ஊசிகளைக் கொண்டு செல்களைத் தனித்தனியே பிரித்தெடுத்து வரைந்தார். ஆக்சான் இல்லாத, நரம்புச் செல் அல்லாத செல்களும் அவர் ஓவியங்களில் உண்டு. அவர் 1863இல், இருபத்தொன்பதாம் வயதில் இறந்தார். நூல் 1865இல் நண்பர் ஒருவரின் பதிப்பாக வெளிவந்தது.

1873இல் இத்தாலியின் கமில்லோ கோல்ஜி ஒரு சிறு மருத்துவமனையின் சமையலறையை ஆய்வகமாக்கிக்கொண்டு, பொட்டாசியம் டைகுரோமேட்டையும் வெள்ளி நைட்ரேட்டையும் கொண்டு 'கரும் வினை'யைக் கண்டறிந்தார். ஆயிரக்கணக்கான செல்களில் ஒரு சில மட்டும் முழுவதுமாகக் கறுத்து, தம் கிளைகளோடு மஞ்சள் பின்னணியில் கோட்டோவியம் போல் தெரிந்தன. எல்லாச் செல்களும் கறுத்திருந்தால் ஒன்றும் தெரிந்திராது. அம்முறையைச் செம்மைப்படுத்திய ஸ்பெயின் நாட்டு சந்தியாகோ ரமோன் இ கஹால், நரம்புச் செல்கள் தனித்தனி அலகுகள் என்று நிறுவினார். 1906இல் இருவருக்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

1913இல் கஹால் தங்கக் குளோரைடைக் கொண்டு விண்மீன் வடிவ கிளியல் செல்களான ஆஸ்ட்ரோசைட்டுகளை அழகுறப் புலப்படுத்தினார். அப்போது நரம்புச் செல்லும் அல்லாத, ஆஸ்ட்ரோசைட்டும் அல்லாத வேறு சில செல்களையும் கண்டார். அவற்றுக்குக் கிளைகளே இல்லாதது போலத் தோன்றியது. உருண்டையான உட்கருக்கள் மட்டும் தெரிந்தன. அவற்றை 'மூன்றாம் கூறு' என்று குறித்து வைத்தார். கிளைகள் இல்லாமல் இல்லை. அவருடைய சாயம் அவற்றைத் தொடவில்லை என்பதே உண்மை.

மாணவரும் ஆசானும்

இனி நம் கதையின் நடுநாயகரைச் சந்திப்போம். பியோ தெல் ரியோ ஒர்த்தேகா 1882இல் ஸ்பெயினின் வயதோலித் மாநிலத்தைச் சேர்ந்த போர்த்தியோ என்ற ஊரில் பிறந்தவர். மத்ரித்தில் கஹாலின் வட்டத்தைச் சேர்ந்த நிக்கோலாஸ் அச்சூகர்ரோவின் ஆய்வகத்தில் பணிபுரிந்தார். அச்சூகர்ரோ 1918இல் இளம் வயதிலேயே மறைந்தார். அதே ஆண்டில் ஒர்த்தேகா வெள்ளிக் கார்பனேட்டைக் கொண்டு புதிய சாயமுறை ஒன்றை வெளியிட்டார்.

அம்முறையால் கஹாலின் 'மூன்றாம் கூறு' வாய் திறந்தது. கிளையற்றவை எனப்பட்ட செல்களுக்குக் கிளைகள் இருந்தன. அதுமட்டுமன்று, அது ஒரு கூறே அன்று, இரண்டு. ஒன்று, காயம்பட்ட இடத்துக்கு நகர்ந்து சென்று கழிவை விழுங்கும் சிறு செல். அதற்கு 1919இல் மைக்ரோகிளியா என்று பெயரிட்டார். மற்றொன்று, சில கிளைகளே கொண்டு நரம்பிழைகளின் ஓரமாக வரிசை கட்டி நிற்பது. அதற்கு 1921இல் 'ஆலிகோடெண்ட்ரோகிளியா' என்று பெயரிட்டார். சில கிளைகளையுடைய கிளியா என்பது அதன் பொருள்.

ஆசானின் கருத்தை மாணவர் திருத்துவது எளிதன்று. அதுவும் அந்த ஆசான் நாடே கொண்டாடும் கஹாலாக இருக்கும்போது. 1920இல் கஹால் எழுதிய கட்டுரையொன்று மைக்ரோகிளியாவை ஏற்றது. ஆனால் அதைக் கண்ட பெருமையில் பங்கை, முன்னரே இத்தகைய செல்கள் பற்றி எழுதியிருந்த ஸ்காட்லாந்தின் ராபர்ட்சனுக்கு அளித்தது. கிளைகள் சிலவுடைய இரண்டாம் வகையைக் கஹாலால் தம் கையால் சாயமேற்றிக் காண முடியவில்லை. ஆகவே அதை ஐயத்தோடு பார்த்தார். ஆய்வகத்துக்குள் மூண்டிருந்த மனத்தாங்கல்களும் சேர்ந்துகொள்ள, அதே ஆண்டில் ஒர்த்தேகா அங்கிருந்து வெளியேற்றப்பட்டார்.

அவருக்கு இடம் கொடுத்தது மத்ரித்தின் மாணவர் இல்லம். இலக்கிய வாசகர்கள் அந்தப் பெயரைக் கேட்டவுடன் நிமிர்ந்து உட்காரக்கூடும். கவிஞர் லோர்க்கா, ஓவியர் டாலி, திரைப்பட இயக்குநர் புனுவெல் ஆகியோர் இளமையில் தங்கியிருந்த இல்லம் அதுவே. அதே வளாகத்தில்தான் ஒர்த்தேகா வெள்ளிக் கரைசலோடும் கண்ணாடிச் சில்லுகளோடும் அமர்ந்திருந்தார்.

1922இல் அவர் தம் கட்டுரை ஒன்றின் தலைப்பையே கேள்வியாக வைத்தார்: மூளையின் இந்தச் செல்லும் புற நரம்பின் ஸ்வான் செல்லும் ஒத்தவையா? 1928இல் வெளிவந்த நீண்ட ஆய்வில் அவர் ஆலிகோடெண்ட்ரோசைட்டுகளை நான்கு வகைகளாகப் பகுத்தார். முதல் வகை மெல்லிய கிளைகள் பலவற்றை மெல்லிய இழைகள் பலவற்றுக்கு நீட்டுவது; நான்காம் வகை ஒரே தடித்த இழையைத் தழுவி நிற்பது, ஏறக்குறைய ஸ்வான் செல் போலவே. மூளையிலும் தண்டுவடத்திலும் மையலினை உண்டாக்குவது இச்செல்களே என்பது அவர் கருத்து.

வெளிநாட்டார் சிலர் இதை உடனே உணர்ந்தார்கள். பின்னாளில் மூளை அறுவை மருத்துவத்தில் பெரும்புகழ் பெற்ற வைல்டர் பென்ஃபீல்ட் 1924இல் மத்ரித் வந்து அம்முறையைக் கற்றார். அதே ஆண்டில் தாம் எழுதிய கட்டுரையில் ஆலிகோடெண்ட்ரோகிளியா உண்மையே என்று உறுதிப்படுத்தினார். ஆயினும் மையலினை உண்டாக்குவது எது என்ற கேள்விக்கு ஒளி நுண்ணோக்கியால் முடிவான சான்று தர இயலாது. உறையையும் செல்லையும் இணைக்கும் மெல்லிய பாலம் அந்தக் கருவியின் பார்வை எல்லைக்குக் கீழே இருந்தது.

1936இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. ஒர்த்தேகா பாரிஸ் சென்றார், பின்னர் ஆக்ஸ்ஃபர்ட், 1940இல் அர்ஜென்டினாவின் புவெனோஸ் ஐரிஸ். அங்கேயே 1945 ஜூன் மாதம் புற்றுநோயால் இறந்தார். நோபல் பரிசுக்கு இருமுறை முன்மொழியப்பட்டும் அது கிட்டவில்லை. அவருடைய எச்சங்கள் தாய்மண்ணாகிய வயதோலித்துக்குத் திரும்பியது 1986இல்.

வெங்காயமா, பாயா?

மையலின் உறை அடுக்கடுக்கானது என்பதை 1930களிலேயே எக்ஸ் கதிர் ஆய்வுகள் காட்டிவிட்டன. புற நரம்பில் ஓர் அடுக்கின் தடிமன் ஏறத்தாழ 17 முதல் 18 நானோமீட்டர். வினா இதுதான்: இந்த அடுக்குகள் எவ்வாறு உண்டாகின்றன? வெங்காயத் தோல்கள் போல ஒன்றன்மேல் ஒன்றாக, தனித்தனி வளையங்களாகப் படிகின்றனவா? ஆக்சானே அவற்றைச் சுரக்கிறதா?

ஸ்வான் செல்கள் எங்கிருந்து வருகின்றன என்பது அதற்குமுன் ஓரளவு தெளிவாகியிருந்தது. 1904இல் ராஸ் ஹாரிசன் தவளைக் கருவில், தண்டுவடமாக மாறவிருக்கும் குழாயின் மேல் விளிம்பை அகற்றிப் பார்த்தார். இயக்க நரம்புகள் வழக்கம்போல் வளர்ந்தன. ஆனால் உறைச் செல்கள் இன்றி, அம்மணமாக வளர்ந்தன. நரம்பிழையை ஸ்வான் செல்கள் உருவாக்குவதில்லை என்பதும், அவை நரம்பு முகடு எனப்படும் அந்த விளிம்பிலிருந்து புறப்பட்டு வருபவை என்பதும் இவ்வகைச் சோதனைகளால் தெரிந்தன. 1930களில் கார்ல் ஸ்பைடல், உயிருள்ள தலைப்பிரட்டையின் ஒளிபுகும் வாலை நாள்கணக்காக நுண்ணோக்கியின் கீழ் வைத்து, ஸ்வான் செல்கள் நரம்பிழைமீது ஊர்ந்து சென்று இடம்பிடிப்பதையும் அங்கே மையலின் தோன்றுவதையும் நேரில் கண்டார்.

அடுக்கின் புதிரை அவிழ்த்தவர் பாஸ்டனில் பணிபுரிந்த பெட்டி பென் ஜெரன் என்ற பெண்மணி. அவர் கோழிக் குஞ்சின் கருவிலிருந்து வெவ்வேறு வளர்ச்சி நாள்களில் நரம்பை எடுத்து, மெல்லிய சீவல்களாக்கி மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார். தொடக்க நிலையில் ஆக்சான் ஸ்வான் செல்லின் பள்ளமொன்றில் படுத்துக் கிடந்தது. பிறகு பள்ளத்தின் இரு கரைகளும் கூடி ஆக்சானை மூடின. கூடிய இடத்தில் செல்லின் சவ்வு இரட்டை மடிப்பாகி ஆக்சானைச் சுற்றத் தொடங்கியிருந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, பல சுற்று. இடையே இருந்த செல் திரவம் பிழிந்து வெளியேற, சவ்வோடு சவ்வு ஒட்டி இறுகியது. வெங்காயம் அன்று, பாய். நாம் கோரைப் பாயைச் சுருட்டுவது போலவே ஸ்வான் செல் தன் தோலையே நீட்டி நீட்டி ஆக்சானைச் சுற்றிச் சுருட்டுகிறது. 1954இல் அவர் தனியொருவராக வெளியிட்ட அக்கட்டுரைக்குப் பின் மையலின் ஒரு படிவு என்ற கருத்து மறைந்தது. அது உயிருள்ள ஒரு செல்லின் உடற்பகுதியே. அடுத்த ஆண்டே டேவிட் ராபர்ட்சன் இதை உறுதி செய்தார்.

மூளையிலும் தண்டுவடத்திலும் இவ்வாறே நிகழ்கிறதா? அதற்கு விடை கண்டவர்கள் மேரி பங்கி, ரிச்சர்ட் பங்கி என்ற இணையர். 1961இல் ஹான்ஸ் ரிஸ்ஸுடன் சேர்ந்து, பூனையின் தண்டுவடத்தில் இழந்த மையலின் மீண்டும் உருவாவதை ஆராய்ந்து அவர்கள் வெளியிட்ட கட்டுரையிலுள்ள வரைபடம் இன்றும் பாடநூல்களில் காணப்படுகிறது. ஒரு செல், அதிலிருந்து நீளும் பல கைகள், ஒவ்வொரு கையின் நுனியும் அகன்று பாயாகி ஓர் ஆக்சானைச் சுற்றியிருக்கிறது. 1962இல் பூனைக்குட்டியின் வளரும் தண்டுவடத்தில் செல்லுக்கும் உறைக்கும் இடையிலான அந்தப் பாலத்தையே நேராகப் படம்பிடித்துக் காட்டினார்கள். ஸ்வான் செல் ஓர் இடைக்கணுவை மட்டுமே உண்டாக்க, ஓர் ஆலிகோடெண்ட்ரோசைட் பல ஆக்சான்களில் பத்துக்கணக்கான இடைக்கணுக்களை உண்டாக்கவல்லது.

ஒர்த்தேகா வெள்ளிச் சாயத்தில் கண்டு 1928இல் எழுதியது சரியென்று இவ்வாறு உறுதிப்பட்டபோது, அவர் இறந்து பதினாறு ஆண்டுகள் கடந்திருந்தன.

தாவும் செய்தி

கணுக்கள் எதற்கு என்ற கேள்வியைக் கடனாக வைத்திருந்தோம். ஜப்பானில் இச்சிஜி தசாக்கி என்பவர் தேரையின் நரம்பிலிருந்து ஒற்றை இழையைப் பிரித்தெடுக்கும் நுண்தொழிலில் கைதேர்ந்தவர். 1939இல் அவர், மின் துடிப்பு இழை நெடுகிலும் ஊர்ந்து செல்வதில்லை என்றும், கணுவுக்குக் கணு தாவிச் செல்கிறது என்றும் எழுதினார். போர்க்காலத்தில் தொடர்ந்த அவருடைய ஆய்வுகளும், 1949இல் இங்கிலாந்தில் ஹக்ஸ்லியும் ஸ்டாம்ஃப்லியும் செய்த அளவீடுகளும் இதை நிலைநாட்டின. உறையுள்ள இடத்தில் மின்னோட்டம் வெளியே கசிவதில்லை. கணுவில் மட்டும் துடிப்பு புதுப்பிக்கப்படுகிறது.

இதன் பயனை ஓர் ஒப்பீட்டால் உணரலாம். கணவாய் இனத்தைச் சேர்ந்த ஊசிக்கணவாயின் பேரிழைக்கு மையலின் இல்லை. அது வினாடிக்கு ஏறத்தாழ 25 மீட்டர் வேகத்தில் செய்தி கடத்த, அரை மில்லிமீட்டர் தடிமன் தேவைப்படுகிறது. மையலின் போர்த்திய தவளை இழை அதே வேகத்தை ஏறத்தாழ 12 மைக்ரான் தடிமனிலேயே எட்டிவிடுகிறது. நாற்பதில் ஒரு பங்கு பருமன். மையலின் இல்லையெனில், இன்று நம்மிடம் உள்ள எண்ணிக்கையில் விரைவு இழைகளைத் தாங்க நம் முதுகுத் தண்டு பன்மடங்கு பருத்திருக்க வேண்டும். இவ்வளவையும் செய்வது 'பசை' என்று ஒதுக்கப்பட்ட செல்.

முடிவெடுப்பது யார்?

1876இல் லைப்சிக்கில் பால் ஃப்ளெக்சிக், கருவிலும் பச்சிளங்குழந்தையிலும் நரம்புப் பாதைகள் எல்லாம் ஒரே சமயத்தில் உறை பெறுவதில்லை என்றும் அவற்றுக்கு ஒரு வரிசை உண்டு என்றும் காட்டினார். இவ்வரிசை பிறப்போடு முடிவதில்லை. குழந்தை தவழ்ந்து நடக்கும் காலத்தில் இயக்கப் பாதைகள் உறை பெற்று வருகின்றன. முன்மூளையில் இப்பணி இருபது வயதைக் கடந்தும் தொடர்கிறது.

இந்த வரிசையை யார் தீர்மானிக்கிறார்கள்? 1976இல் செய்யப்பட்ட ஒட்டுச் சோதனைகளில், உறையில்லா நரம்பிலிருந்த ஸ்வான் செல்கள் உறையுள்ள நரம்பின் ஆக்சான்களோடு சேர்க்கப்பட்டபோது மையலின் சுற்றத் தொடங்கின. சுற்றும் திறன் செல்லுக்கு எப்போதும் உண்டு. சுற்று என்று சொல்வது ஆக்சான். அந்த ஆணையின் சொல்லும் பின்னர் தெரிந்தது: ஆக்சானின் மேற்பரப்பில் உள்ள நியூரெகுலின் என்ற புரதம். அதன் அளவைப் பொறுத்தே சுற்றுகளின் எண்ணிக்கை அமைகிறது என்று 2004இல் எலிகளில் காட்டப்பட்டது. தடித்த ஆக்சானுக்குத் தடித்த பாய்.

மூளைப் பக்கத்தில், 1983இல் லண்டனில் மார்ட்டின் ராஃப், ராபர்ட் மில்லர், மார்க் நோபிள் ஆகியோர் எலியின் பார்வை நரம்பில் ஆலிகோடெண்ட்ரோசைட்டுகளின் தாய்ச் செல்லைக் கண்டெடுத்தனர். தண்டுவடத்தில் இவை பெரும்பாலும் கீழ்ப்புறத்துக் குறுகிய பகுதியொன்றில் பிறந்து, பிளவுற்றுப் பெருகி, நெடுந்தொலைவு பயணம் செய்து பரவுகின்றன என்பது 1990களில் தெளிவாயிற்று. 1992இல் பென் பாரெஸும் ராஃபும் உடன் பணிபுரிந்தோரும் கண்டது நெஞ்சைத் தொடுவது: புதிதாகப் பிறக்கும் ஆலிகோடெண்ட்ரோசைட்டுகளில் ஏறத்தாழப் பாதி, சில நாள்களில் தாமாகவே மடிந்துவிடுகின்றன. தழுவிக்கொள்ள ஓர் ஆக்சான் கிடைத்தவையே பிழைக்கின்றன. மிகுதியாகப் படைத்துத் தேவைக்கேற்பக் கழித்தல். அதனாலேயே இழைகளின் எண்ணிக்கைக்கும் செல்களின் எண்ணிக்கைக்கும் கணக்குச் சரியாக அமைகிறது.

பாய் அவிழும்போது

சுருட்டியது அவிழவும் கூடும். 1868இல் பாரிஸின் ஜான் மார்ட்டின் ஷார்க்கோ, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று இன்று அறியப்படும் நோயை வரையறுத்து விளக்கினார். மூளையிலும் தண்டுவடத்திலும் திட்டுத்திட்டாக மையலின் அழிந்திருக்க, உள்ளிருக்கும் ஆக்சான்கள் பலவும் எஞ்சியிருந்ததை அவர் கண்டார். பார்வை மங்கும், கால் தள்ளாடும், பேச்சு குழறும். கம்பி இருக்கிறது, உறை இல்லை.

நம் மண்ணுக்கு நெருக்கமான சான்று தொழுநோய். அந்நோயின் நுண்ணுயிரி விரும்பிக் குடியேறும் இடங்களுள் முதன்மையானது ஸ்வான் செல். குடியேறியபின் நரம்பு பழுதடைகிறது. தொடுவுணர்வும் வலியுணர்வும் போய்விடுகின்றன. விரல்கள் அழுகி உதிர்கின்றன என்பதே நெடுங்கால நம்பிக்கை. கொல்லிமலையில் 1914இல் பிறந்து, 1940களின் பிற்பகுதியிலிருந்து வேலூரில் பணிபுரிந்த மருத்துவர் பால் பிராண்ட், அந்தச் சிதைவுக்குப் பெரும் காரணம் வலி தெரியாமையே என்று உணர்த்தினார். சூடான பாத்திரத்தைத் தொட்டும், காலில் முள் தைத்தும் அறியாதிருப்பதால் வரும் புண்களே அவை. செயலிழந்த கைகளுக்குத் தசைநார் மாற்று அறுவை செய்து அவர் மீட்டுக்கொடுத்தவர்கள் பலர். பல நூற்றாண்டுகளாகப் பாவத்தின் தண்டனை என்று ஊருக்கு வெளியே தள்ளப்பட்ட மனிதர்களின் துயர், பெரிதும் நரம்பிழைகளைத் தழுவியிருந்த சில செல்களுக்கு நேர்ந்த கேடு. இதை அறிந்தபின் அந்த ஒதுக்கலை நினைக்க நமக்கு நாணமே மிஞ்சுகிறது.

சொல்லுக்குத் திரும்புவோம்

மூளையில் கிளியல் செல்கள் நரம்புச் செல்களைப்போல் பத்து மடங்கு என்று பல நூல்களில் படித்திருப்போம். 2009இல் வெளியான எண்ணிக்கை ஆய்வு அதைத் திருத்தியது. மனித மூளையில் நரம்புச் செல்கள் ஏறத்தாழ 8,600 கோடி. மற்றவை அனைத்தும் சேர்ந்து ஏறக்குறைய அதே அளவு. ஒருவருக்கு ஒருவர் என்று நிற்கும் இவர்களில் ஒரு சாராரை மட்டுமே நாம் நூறாண்டுகளுக்கு மேல் கதைத்தலைவர்களாகப் பாடி வந்திருக்கிறோம்.

2014இல் மற்றொரு செய்தி வந்தது. படிக்கட்டுகள் ஒழுங்கின்றி அமைந்த சக்கரத்தில் ஓடக் கற்றுக்கொள்ளும் எலிகளில், புதிய ஆலிகோடெண்ட்ரோசைட்டுகள் உருவாவதைத் தடுத்தபோது அவற்றால் சரியாகக் கற்க முடியவில்லை. வளர்ந்த மூளையிலும் புதிய பாய்கள் சுற்றப்படுகின்றன; கற்றல் என்பதில் அச்செல்களுக்கும் பங்கு உண்டு. யாழ் கற்ற பாணனின் விரல்கள் நரம்பின்மேல் விரைந்தபோது, அவனுடைய உள்நரம்புகளிலும் ஏதோ ஓர் உறை சுற்றப்பட்டிருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்ப்பது நமக்கு இன்பம் தருகிறது.

விர்ச்சோ வைத்த பெயர் இன்றும் மாறவில்லை. கிளியா என்றே சொல்கிறோம், பசை என்ற பொருளை மறந்துவிட்டு. இனி ஒரு சொல் ஒன்றை 'வெறும்' என்று சுட்டும்போதெல்லாம், மத்ரித்தின் மாணவர் இல்லத்தில் வெள்ளிக் கரைசலோடு தனித்து அமர்ந்திருந்த அந்த மனிதரை நினைத்துக்கொள்வோம். ஆசான் கிளையில்லை என்று குறித்து வைத்த இடத்தில் கிளை இருக்கிறதா என்று மீண்டும் ஒருமுறை சாயமேற்றிப் பார்த்தவர் அவர்.